மஞ்சள்காமாலைக்கு ஒரு வெள்ளித் தலை

ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து வெடிக் கம்பெனியில் பெட்டி அடைக்கும் பெண்களுக்குக் கற்பகவல்லிதான் சூப்பர்வைசர். அவள் பார்க்காமல் ஒரு லோடு வெளியே போகாது. முன்பு மூளையில் வந்த கட்டியை மதுரையில் எடுத்துவிட்டு, முடி முளைக்குமுன்பே முக்காட்டோடு வேலைக்கு வந்தவள். அந்த அபூர்வக் கட்டி இத்தனை வருஷம் கழித்துக் கல்லீரலில் போய் உட்கார்ந்திருப்பது ஊருக்கே தெரியும். அவளுக்கு மட்டும் தெரியக்கூடாது என்பது கொழுந்தன் உக்கிரபாண்டியின் ஏற்பாடு. "வெறும் மஞ்சக்காமாலைதான் மதினி" என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தான்.

காமாலைக்கென்று எடுத்த ஸ்கேனை உக்கிரபாண்டி கொண்டுபோய்க் காட்ட, மதுரையில் மூளைக்கு, ஈரலுக்கு, கதிர்வீச்சுக்கு, மருந்துக்கு என்று தனித்தனி டாக்டர்கள் ஒரே மேசையில் கூடி ஒரே முடிவுக்கு வந்தார்கள். ஈரலின் ஓரத்தில்தான் இருக்கிறது, இப்போதே வெட்டி எடுத்துவிடலாம். பரவினால் கத்தி வைக்க இடமிருக்காது. அந்த அம்மாவைக் கூட்டி வாருங்கள், அவரிடம் பேசவேண்டும்.

உக்கிரபாண்டியும் ஒரு குழு கூட்டினான். அவன், அவன் மச்சினன், கற்பகவல்லியின் மகன் மகேஷ்குமார், கம்பெனிக் கணக்கப்பிள்ளை. இவர்கள் ஈரல் பார்த்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில்தான். தீபாவளி சீசன் முடியட்டும், பிறகு ஆபரேஷன் என்று தீர்மானமானது. மதினி சீசன் முழுக்க வருவாள் என்று முதலாளியிடம் அவன் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஆனாலும் நெஞ்சு உறுத்தாதா? இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போய் நேர்ந்துகொண்டான். நோவுள்ள உறுப்பை வெள்ளித் தகட்டில் உருவமாக அடித்து அங்கே விற்பார்கள். வாங்கி வந்து கொடுத்தான். "சீசன் முடியவும் நீங்களே அம்மனுக்குப் போடலாம் மதினி."

கற்பகவல்லி பொட்டலத்தைப் பிரித்தாள். ஒரு வயிறு இருந்தது. கடையில் ஈரல் கிடைக்கவில்லை போலும். கூடவே ஒரு தலை.

"காமாலைக்கு வயிறு சரி. தலை எதுக்கு, கொழுந்தனாரே?"

"தலைவலிக்கும் சேத்து..."

"தலை வலிக்குதுன்னு நான் எப்பச் சொன்னேன்?"

அவன் விட்டத்தைப் பார்த்தான். அவள் மகனைப் பார்த்தாள். "ஏலே, நீ சொல்லு."

மகேஷ்குமார் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அவள் கேட்டுக்கொண்டாள்.

"டாக்டருக அம்புட்டுப் பேரும் கூடி உக்காந்து யாரைக் கூட்டியாரச் சொன்னாக?"

"ஒன்னையத்தாம்மா."

"நீங்க கூடி உக்காந்தப்ப யாரைக் கூப்பிட்டீக?"



மறுநாள் காலை கம்பெனி வேன் வாசலில் ஹாரன் அடித்தது. கற்பகவல்லி பழைய ஸ்கேன் படங்களை எடுத்துக்கொண்டு, மகனோடு மதுரை பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். உக்கிரபாண்டி பின்னாலேயே வந்தான்.

"முதலாளி கேட்டா நான் என்னன்னு சொல்ல மதினி?"

"மஞ்சக்காமாலைன்னு சொல்லுங்க."