தண்ணீர் காணாத குழாய்

எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பித்தளைக் குழாய் இருக்கிறது. தெருவில் தண்ணீர் பிடிக்க மாட்டுகிற சாதாரணக் குழாய்தான். திருகினால் இன்றைக்கும் வழுக்கிக்கொண்டு திரும்பும். வேலையே செய்யாத பொருள் தேய்வதில்லை. அதன் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர் வந்ததில்லை. என் மனைவி இதைப் பழைய பாத்திரக்காரருக்குப் போட எத்தனையோ முறை வெளியே எடுத்து வைத்திருக்கிறாள். நானும் அத்தனை முறை திரும்ப உள்ளே வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்டால், சின்னம்மா வைத்திருந்தது என்பேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்ல எனக்கு இவ்வளவு வயதாக வேண்டியிருந்தது.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். மில்லில் நூல் சுற்றும் ரீலிங் பகுதியில் வேலை. சங்கு ஊதினால் ஓடி, சங்கு ஊதினால் திரும்பி, அந்தச் சம்பளத்தில் என்னை எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்க வைத்தாள். உக்கடத்துப் பக்கம் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். எங்கள் வீதிக் கிணறு உப்பு. சிறுவாணித் தண்ணீர் வேண்டுமென்றால் அடுத்த வீதிக் குழாய்க்குப் போக வேண்டும். அங்கே அந்த வீதிக்காரர்கள் எல்லாரும் பிடித்து, துணி அலசி, மாட்டுக்கும் காட்டிய பிறகுதான் எங்கள் பெண்களின் குடம் குழாயடிக்கு நகரும். பல நாள் அதற்குள் தண்ணீர் நின்றுவிடும். எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்த கால்கள் அங்கே மறுபடியும் நிற்கும். எங்கள் வீதிக்கென்று ஒரு குழாய் வர வேண்டும் என்பதைத் தவிரச் சின்னம்மா யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் வார்டு தேர்தல் வந்தது. ஊரே கல்யாண வீடாகிவிட்டது. ஜட்கா வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிடுவார்கள். குதிரைக்குக் காது கேட்காமல் போயிருக்கும் என்று நினைக்கிறேன். காலிச் சுவர் எதுவும் தப்பவில்லை. காபிக் கடைகளில் இட்லி ஆறிப்போகும் வரை வாய்ச்சண்டை நடந்தது. எங்கள் வார்டில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் ஓய்வு பெற்ற வாத்தியார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தனியாக வருவார். குழாய் பற்றிக் கேட்டபோது, “மேட்டுத் தொட்டில இருந்து பைப்பு பதிச்சுக் கொண்டாரோணுமுங்க அம்மணி. ரண்டு வருசம் ஆகும். பொய் சொல்லி ஓட்டு வாங்க எனக்குத் தெரியாதுங்க” என்றார். உண்மையைச் சொன்ன அந்த மனிதரைப் பார்த்துப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இன்னொருவர் பருத்தியில் கொட்டை நீக்கும் ஜின்னிங் பாக்டரிக்காரர். கும்பிட்ட கையைக் கீழே இறக்காமல் வருவார். பேச்சு வெல்லக்கட்டி. “குழாய் தானுங்களே? ஓட்டுப் போடறதுக்கு முன்னாலயே நிக்குமுங்க” என்றார்.

நின்றது. பகல் ஷிப்டுக்குப் போன பெண்கள் திரும்பி வந்தபோது வீதி முனையில் சிமெண்டுத் தூணும் அதில் பளபளக்கும் பித்தளைக் குழாயும் இருந்தன. வீதி நெடுகப் பைப்பு பதித்து மூடியதுபோல மண் கிளறிக் கிடந்தது. தேர்தல் முடிவதற்கு முன் தண்ணீர் திறந்துவிடுவது சட்டப்படி தப்பு என்று அவருடைய ஆட்கள் சொன்னார்கள். சட்டம் என்றதும் எங்கள் ஆட்கள் மறுபேச்சுப் பேசவில்லை. தூணுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து, குழாய்க்குச் சாமந்தி மாலை போட்டார்கள்.

அந்தத் தூணை நட்ட கான்டிராக்டரிடம்தான் நான் குமாஸ்தாவாக இருந்தேன். கிடங்கிலிருந்து சாமான் போகும்போது சீட்டு எழுதுவது என் வேலை. தூண் ஒன்று, குழாய் ஒன்று, சிமெண்டு இரண்டு மூட்டை என்று முத்துமுத்தாக எழுதினேன். பைப்பு எத்தனை அடி என்ற இடத்துக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தேன். முதலாளி வெற்றிலையை மடித்துக்கொண்டே, “அந்த எடத்துல ஒரு கோடு போட்டுருங்க தம்பி. சித்திரையில இருந்து நீங்க பர்மனெண்டு. வாய் மட்டும் பத்திரமுங்க” என்றார். கோடு போட்டேன். எந்த வீதி என்பது அந்தச் சீட்டின் மேலேயே என் கையெழுத்தில் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜின்னிங் பாக்டரிக்காரரின் ஆட்கள் கற்பூரப் பொட்டலத்தோடு வந்தார்கள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் ஓட்டைச் சத்தியத்தால்தான் கட்டுவார்கள். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து வாக்குக் கொடுத்துவிட்டால் முடிந்தது. எதிராளி தங்கமே கொட்டினாலும் அந்த ஓட்டு மாறாது. வாங்குகிறவன் யோக்கியனா என்று கேட்கிற வழக்கம் மட்டும் கிடையாது. குடம் தூக்குகிறவர்கள் கையைச் சுட்டுக்கொள்ள வேண்டும், குழாய் தருவதாகச் சொன்னவர் கும்பிட்டுக்கொண்டு நின்றால் போதும். பெண்கள் அத்தனை பேரும் சின்னம்மாவைப் பார்த்தார்கள். அவள் முதல் கை வைத்தால் மற்றவர்கள் வைப்பார்கள்.

அவள் வீட்டுக்குள் வந்து என்னிடம் கேட்டாள். “ஏங்கண்ணு, உங்க மொதலாளி எடுத்த வேலைதான இது? தண்ணி வந்துருமா? நீ சொன்னீன்னா நான் கற்பூரம் அணைக்கறேன்.”

சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பொத்தானையே பார்த்தபடி, “வந்துருமுங்க சின்னம்மா” என்றேன்.

வெளியே போய் அவள் ஓங்கி அடித்து அணைத்தாள். அவளுக்குப் பின்னால் வீதியே அணைத்தது. அன்றைக்கு உள்ளங்கையில் கொப்புளம் கிளம்பி, சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டாள். ஆனால் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். “நம்ம வாசல்ல நம்ம கொடம் மொதல்ல நெறையும் பாரு” என்றாள். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

வாத்தியார் கொஞ்ச ஓட்டில் தோற்றார். எங்கள் வீதிப் பெண்கள் மட்டும் அவருக்குப் போட்டிருந்தால் ஜெயித்திருப்பார். ஜெயித்தவரின் ஊர்வலம் எங்கள் வீதிக்குள் வரவில்லை, தண்ணீரும் வரவில்லை. இன்று, நாளை என்று ஒரு மாதம் போனது. பாக்டரி வாசலில் போய் நின்ற பெண்களைக் காவல்காரர் உள்ளே விடவில்லை. ஒரு நாள் வேலை முடிந்து வந்ததும் சின்னம்மா பக்கத்து வீட்டில் கடப்பாரை வாங்கி, தூணடியில் குத்தினாள். முழங்கால் ஆழத்துக்குத் தோண்டியும் மண்தான் வந்தது. எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். நானும் நின்றேன்.

“உங்களை நம்பித்தானுங்க அக்கா கையைச் சுட்டுக்கிட்டோம்” என்றாள் ஒருத்தி. அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சின்னம்மா என் பக்கம் கையைக் காட்டியிருக்கலாம். இவன் சொன்னான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பழி அவளை விட்டு இறங்கியிருக்கும். அவள், “தப்பு என்னோடதுதானுங்க” என்று சொல்லிவிட்டு மண்ணைத் தள்ளிக் குழியை மூடினாள்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தபோது வாசலில் அந்தக் குழாய் கிடந்தது. யாரோ கழற்றி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சின்னம்மா அதை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்துச் சாமி படத்தருகே வைத்தாள். நான் என்னமோ சொல்ல வாயெடுத்தேன். அவள் திரும்பாமலே பேசினாள். “நீ சீட்டு எழுதற ஆளு. உனக்கென்ன தெரியும் கண்ணு? ஆனா பைப்பு பதிக்கலீன்னு தெரிஞ்சவன் ஒருத்தனாவது இருந்திருப்பான். தெரிஞ்சும் சும்மா இருந்திருக்கறான். அவன் நல்லா இருக்கட்டும்.” எடுத்த வாயை மூடிக்கொண்டேன். சித்திரையில் எனக்கு வேலை நிரந்தரமானது.

அதன் பிறகு அந்த வீதியில் அவளோடு சேர்ந்து தண்ணீருக்குப் போக யாரும் வரவில்லை. அடுத்த வீதிக் குழாயில் கடைசியாக நின்றவர்களுக்கும் கடைசியாக அவள் நின்றாள். எனக்குக் கல்யாணமாகித் துடியலூர்ப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு கூப்பிட்டபோதும் வரவில்லை. “இங்க வரிசையில என் கொடம் இருக்குது கண்ணு” என்றாள். அறுபதுகளின் நடுவில் எங்கள் வீதிக்கு உண்மையாகவே குழாய் வந்தது. அதற்கு முந்தின கோடையில் அவள் போய்விட்டாள். அவள் வீட்டிலிருந்து நான் எடுத்துக்கொண்டு வந்தது இந்தப் பித்தளையை மட்டும்தான்.

அவளுக்குத் தெரியுமா, தெரியாதா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. கேட்க ஐந்தாறு வருஷம் அவகாசம் இருந்தது, கேட்கவில்லை. இப்போது மறுபடி வார்டு தேர்தல். காலையில் இரண்டு பேர் வந்து கும்பிட்டுவிட்டு, ஐயாவுக்கு ஏதாவது குறை உண்டா என்று கேட்டார்கள். பிள்ளைகள் நல்ல வேலையில் இருக்கிறார்கள். உடம்பில் சர்க்கரைகூட இல்லை. சமையலறையில் ஒன்று, குளியலறைகளில் நான்கு, தோட்டத்தில் ஒன்று, எதைத் திருகினாலும் தண்ணீர் கொட்டுகிறது. ஒரு குறையும் இல்லை, நன்றாக இருக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். பிறகு வந்து இந்தக் குழாயைப் புளி போட்டுத் தேய்த்தேன். அவள் சொன்னபடியே நன்றாகத்தான் இருக்கிறேன்.