எத்திராஜ் அண்ணனும் நிலாவில் சுட்ட பீரங்கியும்

எத்திராஜ் அண்ணன் போய்விட்டார்.

காலையில் அவர் மகள் கரையான்சாவடியிலிருந்து போன் செய்தாள். "அத்தை, அப்பா பூட்டாரு..."

எழுபதுகளில் ஆவடியில், டேங்க் செய்யும் ஃபேக்டரியில் என்னோடு வேலை பார்த்தவர். அவர் பீரங்கி பொருத்தும் செக்‌ஷனில் ஃபிட்டர். நான் டிராயிங் ஆபீஸில் டிரேசர்... வரைபடத்தின் மேல் மெல்லிய தாளை வைத்து, இங்க்கில் அப்படியே நகல் எடுக்கிற வேலை.

குவார்ட்டர்ஸ் மைதானத்தில் மாதம் ஒரு தடவை திரை கட்டிப் படம் போடுவார்கள். ஒருமுறை வெளிநாட்டுக் கார்ட்டூன். நிலாவில் சண்டை. ராட்சத பீரங்கி வண்டி ஒன்று டமார் டமார் என்று சுட்டுத் தள்ளுகிறது. எல்லோரும் வாயைப் பிளந்து பார்க்கிறோம். பின்னாலிருந்து ஒரு குரல்.

"இன்னாபா இது! இத்தினி தபா சுடுறான், கொழாய் ஒரு இஞ்ச் பின்னால வர்ல. இது பீரங்கியா, பீச்சாங்கொழலா?"

உட்காருப்பா என்று நாலு பேர் கத்தினார்கள். எத்திராஜ் அண்ணன் உட்காரவில்லை. பீரங்கியைத் தப்பாகக் காட்டினால், அது கார்ட்டூனாகவே இருந்தாலும் மனுஷனுக்குப் பொறுக்காது.

மறுநாள் கேன்டீனில் நான்தான் வாயைக் கொடுத்தேன். "அவ்வளவு தெரிஞ்சா நீங்களே ஒரு படம் எடுங்கண்ணே."

"எட்த்துட்டா போச்சு. நான் சொல்றேன், நீ வரைம்மா."

குவார்ட்டர்ஸ் கிளப் செயலாளரிடம் ஒரு குட்டி மூவி கேமரா இருந்தது. ஆண்டு விழாவுக்கு நாங்களே ஒரு நிமிஷக் கார்ட்டூன் எடுப்பது என்று முடிவானது. தாளுக்கு மேல் தாள் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி வரைய வேண்டும். டிரேசருக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி!

ஃபேக்டரி டிராயிங் எதையும் நான் தொடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் தன் கையைப் பீரங்கிக் குழாய் மாதிரி நீட்டுவார். சுட்டதும் பின்னால் உதைக்கிற மாதிரி சட்டென்று இழுத்துக்கொள்வார். மெல்ல வெளியே விடுவார். "போறது வேகமா போவும், வர்றது மெதுவாத்தான் வரும்." அந்தக் கையைப் பார்த்துத்தான் வரைந்தேன். திருத்து, திருத்து என்று உயிரை வாங்கினார்... ஒரே தாளை ஏழு தடவை போட்டிருக்கிறேன்.

ஒருநாள் சாயந்திரம் ஃபேக்டரி கேட்டில் என் பையைச் சோதித்தார்கள். உள்ளே கட்டுக் கட்டாகப் பீரங்கிப் படம். நேரே செக்யூரிட்டி ஆபீசர் அறைக்குக் கூட்டிப்போய்விட்டார்கள்.

அப்பா இறந்ததால் எனக்குக் கிடைத்த வேலை அது. போனால் குவார்ட்டர்ஸும் போகும். அம்மாவையும் இரண்டு தங்கைகளையும் கூட்டிக்கொண்டு எங்கே போவேன்...

"அசல் மாதிரியே இருக்கு. எதைப் பார்த்துக் காப்பி அடிச்சே?" என்றார் ஆபீசர். கார்ட்டூன் என்றேன். நம்பவில்லை. விவரம் தெரிந்த ஃபிட்டர் யாரையாவது கூப்பிடச் சொன்னார். வந்தது எத்திராஜ் அண்ணன்.

ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"அசலா? தமாஷ் பண்ணாதீங்க சார். எல்லாமே தப்பு. கொழாய் இப்டி பின்னால வந்தா உள்ள குந்தினுகீறவன் மூஞ்சி பேந்துடும். இத்த பாத்து ஒர்த்தன் பீரங்கி செஞ்சான்னா குண்டு வெளிய வராது... சுட்டவன்தான் வெளிய வருவான்!"

ஆபீசரே சிரித்துவிட்டார். திட்டி, எச்சரித்து அனுப்பிவிட்டார். தாள்களைத் திருப்பித் தரவில்லை. எங்கள் படமும் அதோடு சரி.

ஆனால் விஷயம் கசிந்துவிட்டது. ஊர்ப் படத்துக்கெல்லாம் குறை சொன்னவர், தானே சொல்லிக்கொடுத்துத் தப்பும் தவறுமாக வரைய வைத்தாராம்! பீச்சாங்குழல் ஃபிட்டர் என்றே பேர் வைத்துவிட்டார்கள். தொழிலில் அவ்வளவு கர்வம் உள்ள மனுஷன்... கேட்டுக்கொண்டு பேசாமல் போவார்.

தாங்க முடியாமல் ஒருநாள், "உண்மையை எல்லார்கிட்டயும் சொல்லிடறேண்ணே" என்றேன்.

"கம்முனு இரும்மா. எனக்குப் பேர்தான போச்சி, உனக்குச் சோறு போய்டும்."

ரிட்டயர் ஆகும்வரை கம்மென்று இருந்தேன். அதற்குப் பிறகும் என்னவோ சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

பழைய செக்‌ஷன் ஆட்கள் யாராவது இதைப் படித்தால் தெரிந்துகொள்ளுங்கள். அந்தத் தாள்களில் ஒரு தப்பும் இல்லை. அண்ணன் அன்றைக்குச் சொன்னது அத்தனையும் பொய்.

போய் வாங்கண்ணே. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.