பாதி மொட்டை

அடுத்த வாரம் என் மகளுக்கு முதல் மொட்டை. மந்தின் ஊரில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் என் தாய்மாமாதான் போடப்போகிறார். கத்தியைக் கொதிநீரில் போட்டு எடுக்கச் சொல்லலாமா, சொன்னால் கோபித்துக்கொள்வாரா என்று யோசித்து யோசித்து எனக்குத் தூக்கமே வரவில்லை. மற்ற கடைகளில் நாற்காலி கண்ணாடியை ஒட்டி இருக்கும். மாமா கடையில் அது நட்டநடுவில் நிற்கும். சுற்றி நடக்காமல் அவரால் ஒரு தலையையும் மழிக்க முடியாது. அதன் காரணம் எங்கள் குடும்பத்துக்குத்தான் தெரியும்.

ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் நாங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்தோம். மாமா அப்போது பால்மரம் வெட்டும், அதாவது பட்டை சீவிப் பால் இறக்கும், இளவட்டம். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முன்பு போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை என்று பெரியவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம், லாரியில் கெமாஸுக்குப் போனால் ரயில் ஏறலாம் என்பதுதான். நான் ரயிலைப் பார்த்ததே இல்லை.

ஒருநாள் தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் இளவட்டங்களை எல்லாம் வரிசையில் நிறுத்தினார். ஜப்பானிய அதிகாரி ஆள் பொறுக்குவதற்கு முன், தங்கள் படை முகாமுக்கு முடிவெட்ட யாராவது உண்டா என்று கேட்டான். அதுவரை கத்தரிக்கோலைத் தொட்டே அறியாத மாமா கையைத் தூக்கிவிட்டார். மறுநாள் காலை முகாமுக்கு வந்து அதிகாரியின் தலையையே மழித்துக் காட்ட வேண்டும், சரியில்லை என்றால் சயாம் லாரிதான் என்று சொல்லியனுப்பினான்.

அன்று மாலை அப்பா தன் சவரக்கத்தியை மாமாவிடம் கொடுத்துவிட்டு, லயத்து வாசலில் கிடந்த மரக்கட்டையில் உட்கார்ந்தார். மாமா அவரை ஒருமுறை சுற்றி வந்தார். இடப்பக்கம் மேலே கத்தியை வைத்து, வலப்பக்கம் கீழ்நோக்கிச் சரிவாக இழுத்தார். பட்டை சீவும் அதே சரிவு. மரத்துக்குக் காயம் படாமல் சீவிப் பழகிய கை. அப்பா தலையில் ஒரு கீறல் விழவில்லை.

“காதுக்குக் கீழ ஒரு மங்கு கட்டிரு மச்சான், வடியிற பாலு வீணாப் போயிரும்” என்றார் அப்பா.

பாதித் தலை முடிந்ததும் மாமா கத்தியைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தார்.

“டேய், மறுபாதி எங்கடா?” என்று கத்தினார் அம்மா.

“பழக்கம்லா, அக்கா. பாதி மரந்தானே வெட்டுவோம். மத்த பக்கம் பட்டை ஆறணுமில்ல?”

லயமே சிரித்தது. அப்பாவின் மறுபாதியும் போன பிறகு, இன்னொரு தலை இருந்தால் தேவலை என்றார் மாமா. அம்மா என்னைப் பார்த்தார். இடுப்புவரை தொங்கிய என் பின்னலை அவரே அவிழ்த்தார்.

“மாரியம்மாவுக்கு வேண்டுதல்டி. ஆடாம உக்காரு.”

அப்படியானால் கோயிலில் அல்லவா போட வேண்டும் என்று கேட்க நினைத்தேன். கத்தி அதற்குள் தலைக்கு வந்துவிட்டது. மாமா என்னைச் சுற்றினார்.

“அக்கா, இந்த மரம் சிரிக்குதுக்கா” என்றவர், பாதியில் மறுபடியும் நகர்ந்தார். அம்மா அவர் காதைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினார்.

மறுநாள் மதியம் மாமா ஓட்டமாக ஓடி வந்தார். கையில் ஒரு துணிமுடிச்சு அரிசி. மரவள்ளிக் கிழங்கையே தின்றுகொண்டிருந்த எங்களுக்கு அது பெரிய பண்டம்.

“அங்கயும் பாதியில நிறுத்திட்டேன்கா!” என்றார். “கத்தியத் தொடச்சிட்டு ரெண்டடி நகர்ந்துட்டேன். காவலுக்கு நின்னவன் துப்பாக்கியத் தூக்கிட்டான்.”

பேச பாஷை இல்லை. மாமா அங்கேயே ஒரு தூணைச் சுற்றி வந்து, பட்டை சீவுவதுபோலவும் பால் வடிவதுபோலவும் நடித்துக் காட்டியிருக்கிறார். கண்ணாடியில் தன் பாதி மொட்டையைப் பார்த்த அதிகாரி, மூக்குக்கண்ணாடி நழுவச் சிரித்தானாம். முகாம் வேலை மாமாவுக்கே. அங்கே சிப்பாய்கள் அத்தனை பேருக்கும் மொட்டைதான் வேண்டும். மாமாவுக்கும் அது ஒன்றுதான் தெரியும்.

சோறு கொதித்தது. மாமா மறுபடி மறுபடி நடித்துக் காட்ட, அப்பா மொட்டைத் தலையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். எனக்கு மட்டும் மாமாவை நினைத்துப் பாவமாக இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“கவலப்படாதீங்க மாமா. அடுத்த லாரியில ஒங்களுக்கும் எடம் கெடைக்கும். ரயில்ல போலாம்.”

சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. அம்மா என் மொட்டைத் தலைமேல் உள்ளங்கையை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை. முடி முளைக்கத் தொடங்கிவிட்டதா என்று பார்க்கிறார் என நினைத்துக்கொண்டேன்.