ஆறு சாலுக்கு ஒரு சால் துவரை

நீங்கள் எப்போதாவது ஆட்டு மந்தைக்கு நன்றி சொல்லியிருக்கிறீர்களா? போன ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னேன். அதுவும் அவலூர்பேட்டை ரோட்டில், ஸ்கூட்டியைப் பாதி ரோட்டிலேயே நிறுத்திவிட்டு. பின்னால் வந்த பஸ் டிரைவர் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோனார்.

காரணம் இருக்கிறது. சொல்கிறேன்.

செஞ்சியிலிருந்து பத்து நிமிஷ தூரத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம். வருஷா வருஷம் ஆடியில் மல்லாட்டை போடுவோம். (வெளியூர் வாசகர்களுக்கு — நிலக்கடலைதான். எங்கள் ஊர்க் கடையில் நிலக்கடலை என்று கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.) மழை ஏமாற்றினால் மல்லாட்டையும் ஏமாற்றும். இரண்டு வருஷம் அப்படியே ஆனது. என் வீட்டுக்காரர் கடைவீதியில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறார். எதற்கும் ஒரு மாத்திரை உண்டு என்று நம்புகிற மனிதர். நிலத்துக்கும் ஒன்று சொன்னார்.

"சவுக்கு நட்டுட்லாம். நாலு வருசம் அந்தப் பக்கமே போவ வேணாம். டென்ஷன் கிடையாது."

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பக்கமே போக வேண்டாம் என்றால் நிலம் எதற்கு? வாரத்தில் நாலு நாள் அங்கே போய் நின்றால்தான் எனக்கு இந்தப் பத்தியே எழுத வருகிறது. அதைச் சொன்னால் சிரிப்பார். அதனால், "ஒரே ஒரு வருஷம் டைம் குடுங்க. மல்லாட்டைக்கு நடுவுல துவரை போடறேன்" என்றேன்.

"துவரை வூட்டுக்கு வரலைன்னா?"

"அடுத்த ஆடியில சவுக்கு நடுங்க. நான் வாயே தொறக்க மாட்டேன்."

நான் வாய் திறக்க மாட்டேன் என்றதும் அவருக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே…

ஆறு சால், அதாவது ஆறு வரிசை மல்லாட்டை, ஒரு சால் துவரை. மறுபடி ஆறு, மறுபடி ஒன்று. என்ன அழகான ஏற்பாடு தெரியுமா? முதல் இரண்டு மாசம் துவரை வளர்வதே தெரியாது. மல்லாட்டை கீழே படர்ந்து தன் வேலையை முடித்துக்கொள்ளும். அதைப் பிடுங்கிய பிறகுதான், மொத்த நிலமும் தனக்கே என்று துவரை கிளம்பும். ஒருத்திக்கு மேல் மண், இன்னொருத்திக்கு அடி மண். ஒரே அடுப்படியில் இரண்டு ஓரகத்திகள் — சண்டையே இல்லை. நம்ப முடிகிறதா?

ஐப்பசியில் மல்லாட்டை பிடுங்கினோம். விளைச்சல் சுமார்தான். துவரை இடுப்பு உயரம் நின்றது, இன்னும் பூ வைக்கவில்லை. நிம்மதியாக வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்தேன். ஒன்றை மட்டும் மறந்துபோனேன்.

மல்லாட்டை பிடுங்கிய நிலத்தில் கிடை போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஆட்டு மந்தையை நாலு நாள் நிலத்தில் அடைத்தால் புழுக்கையெல்லாம் உரம். எங்கள் நிலத்துக்கு ஏழுமலைதான் கிடைக்காரர். அவருக்குச் சொல்லியனுப்ப வேண்டியதே இல்லை. பிடுங்கிய மூன்றாம் நாள் மந்தையோடு தானாக வந்து நிற்பார். இந்த வருஷம் வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனா?

மூன்றாம் நாள் காலை போன். பக்கத்து நிலத்துத் தரணேந்திரன் அண்ணன்.

"ஏம்மா, உன் தொவரையில ஆடு மேயுது. நீதான் வரச் சொன்னியா?"

தோசைக்கல்லை வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். போய்ப் பார்த்தால்… ரோட்டோரம் மூன்று சால் துவரை வெறும் குச்சி. அதைத் தாண்டிய சால்களில் ஆடுகள் முன்னங்காலைத் தூக்கி நின்று நுனியை ருசி பார்த்துக்கொண்டிருந்தன. அலறினேன். ஏழுமலை பதறிப்போய் மந்தையை வெளியே ஓட்டினார்.

"யக்கா, நா இன்னா கண்டேன்? வருசா வருசம் வரேன். நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

அவருக்கும் கண் கலங்கியிருந்தது. அவர்மேல் என்ன தப்பு? கோபப்படக்கூட ஆள் இல்லாமல் வரப்பில் உட்கார்ந்து அழுதேன். சொல்வதற்கு என்ன வெட்கம்? என் கண்ணுக்கு நிலம் முழுக்கச் சவுக்காகத்தான் தெரிந்தது.

தரணேந்திரன் அண்ணன் கடிபட்ட செடி ஒன்றை வளைத்துப் பார்த்தார். "மூணு சால் போச்சு, அத்த உடு. மத்ததுல நுனிதான போயிருக்குது? நாங்க கையால கிள்ளுவோம். இதுங்க வாயால கிள்ளியிருக்குது. ஒரு மழ வரட்டும், பாரு."

ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்காரரிடம் மூச்சு விடவில்லை.

மழை வந்தது. அந்தப் பக்கம் போகவே மனசு வராமல் இருந்துவிட்டு, இருபது நாள் கழித்துப் போய் நின்றால் — எப்படிச் சொல்வேன்? நுனி போன இடத்தில் நாலு கிளை, ஐந்து கிளை. ஆடு தொடாத செடி ஒல்லியாக நெட்டுக்கு நிற்கிறது. ஆடு கடித்தது பக்கவாட்டில் விரிந்து, மார்கழியில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்து, கொத்துக் கொத்தாகக் காய்த்து… தினமும் போனேன். வேலை ஒன்றும் இல்லை, சும்மா பார்ப்பதற்குத்தான்.

(இதைப் படித்துவிட்டு யாரும் ஆட்டை அவிழ்த்து விடாதீர்கள். என் மூன்று சால் திரும்பி வரவே இல்லை. செடி சின்னதாக இருக்கும்போதே கையால் நுனி கிள்ளிவிடுங்கள், போதும்.)

தை கடைசியில் அறுத்து, மொட்டை மாடியில் காயவைத்து, தடியால் அடித்தோம். மெடிக்கல் ஷாப்காரரும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அடித்தார். போன ஞாயிறு அந்தத் துவரையை உடைத்த பருப்பில் முதல் சாம்பார். மூன்று தடவை ஊற்றிக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"சவுக்கு?" என்றேன்.

"அது அன்னிக்கே கேன்சல். ஏழுமலை நேரா கடைக்குத்தான் வந்தான். நீ வரப்புல குந்திகினு அழுதியாமே" என்றார், தட்டிலிருந்து நிமிராமல். "அப்பவே நர்சரிக்கு போன் போட்டு, சொல்லி வெச்சிருந்த கன்னு வேணாம்னுட்டேன்."

நாலு மாசம்! நான் மறைத்ததையே அவரும் மறைத்திருக்கிறார். எனக்கு உட்கார முடியவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ரோட்டில் எதிரே ஏழுமலையின் மந்தை. ஆடுகளுக்கு நன்றி சொன்னது அப்போதுதான்.

வீட்டுக்காரருக்கு இன்னும் சொல்லவில்லை. இந்தப் பத்தியை அவர் தவறாமல் படிப்பார்.