கணினி இதயத்துக்கு ஒரு பன்றித்தலை

கூண்டுக்குக் கொக்கி போடுவதில் பியோ மன்பொக்கை அடித்துக்கொள்ள ஓசோங் ஊரில் ஆள் கிடையாது. ஊர் சொன்னதோ இல்லையோ, அவர் சொல்லியிருக்கிறார். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைத் தலைமுழுகி, நிலக்கரி வண்டி தள்ளி, கோழிப்பண்ணையில் எச்சம் அள்ளி, கடைசியில் மருந்துப் பரிசோதனை நிலையத்தின் நாய்க்கூடத்துக்கே தலைவரானவர். யார் சிபாரிசும் இல்லை. பட்டம் வாங்கியவர்கள் வேலைக்குக் காத்துக் கிடக்கும் கட்டடத்தில் தனக்கென்று ஓர் அறை, ஒரு சாவிக்கொத்து. சும்மாவா?

"நான் போட்ட கொக்கிய நாய் என்ன, திருடனே திறக்க முடியாது" என்பார்.

அவர் பொறுப்பில் ஆறு பீகிள் நாய்கள். அதில் ஒன்றுக்கு முகமெல்லாம் வெள்ளை. சோயாப் பாலில் உறைந்த தூபுக் கட்டி போல இருக்கிறதென்று அதற்குத் தூபு என்றே பெயர் வைத்துவிட்டார். நாய்களுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்பது நிலையத்தின் விதி. ஏன் என்பது அந்த வாரம்தான் அவருக்கு உறைத்தது.

திங்கட்கிழமை காலை ஆறு நாய்களுக்கும் ஒரு புது மாத்திரை கொடுக்கப் போகிறார்கள். இதயத்துக்குக் கெடுதலா என்று பார்ப்பார்கள். முடிவில் கொன்று, உடலைத் திறந்தும் பார்ப்பார்கள். செத்த விலங்குகளுக்காக இலையுதிர் காலந்தோறும் பின்புறத்து நினைவுக்கல்லுக்கு முன்னால் நிலையமே படையல் போடும். முயலுக்குக் காரட், நாய்க்கு பிஸ்கட். தூபுவின் பங்கை அந்தக் கல்லில் வைக்க மன்பொக்குக்கு மனம் வரவில்லை.

ஒரே ஒரு வழி இருந்தது. அது மாடியில், டாக்டர் மோ யேஜுவின் கணினி அறையில் ஓடிக்கொண்டிருந்தது.

"இதயத் தசையில உப்பு போய் வர வாசல் வாசலா இருக்குங்க ஐயா. மாத்திரை அதை அடைச்சா துடிப்பு தடுமாறும். ஆயிரம் மனுஷங்களோட இதயத்தைக் கணக்காப் போட்டு உள்ள ஓட விட்டிருக்கேன். கெட்ட மாத்திரைன்னு தெரிஞ்சா கம்பெனி அப்பவே கைவிட்டுடும். நாய்க்குப் போகவே போகாது."

"நான் ஆயிரம் நாயோட நெஞ்சுல காது வச்சுக் கேட்டவன், டாக்டரம்மா. இந்தப் பெட்டிக்கு என்ன தெரியும்?"

"உங்க காது மாத்திரை கொடுத்த பிறகுதானே கேட்கும்? இது கொடுக்கறதுக்கு முன்னாலயே சொல்லும்."

மன்பொக் தன் பங்குக்கு ஒரு வேலையில் இறங்கினார். கணினி ஞாயிறு மாலைதான் முடிக்குமாம். புதுசாக எந்த இயந்திரம் வந்தாலும் முதலில் பன்றித்தலை வைத்துக் கோசா பூசை போட வேண்டாமா? லாரிக்குப் போடுகிறோம், கடைக்குப் போடுகிறோம், ஆறு உயிரைக் காக்க வந்த பெட்டிக்குப் போடவில்லையே!

சனிக்கிழமை சொங்ஜு சந்தைக்குப் போய், கடைக்காரியோடு மல்லுக்கட்டி, இருப்பதிலேயே நன்றாகச் சிரிக்கும் பன்றித்தலையாகப் பார்த்து வாங்கிவந்தார். கணினி அறையில் பாய் விரித்து, அதன் வாயில் பணநோட்டைச் செருகி, கிண்ணத்தில் மக்கொல்லிக் கள் ஊற்றி, மெழுகுவத்தியும் கட்டுக் கட்டாக ஊதுவத்தியும் ஏற்றினார்.

இரண்டாவது முறை விழுந்து கும்பிடும்போது கூரையில் சங்கு அலறியது. புகையை மோந்த தீயெச்சரிக்கைக் கருவி மின்சாரத்தைத் துண்டித்தது. ஆயிரம் இதயமும் ஒரே மூச்சில் நின்றன.

இயக்குநர் பாங் செருப்போடு ஓடிவந்தார். "பியோ! விலங்கு சாகக் கூடாதுன்னு வாங்கின மெஷின் முன்னால பன்றித்தலையாய்யா?"

"சிரிக்கிற தலைங்க, சார்."

"தூக்கிட்டுப் போய்யா வெளிய!"

யேஜு திட்டவில்லை, அதுதான் மன்பொக்குக்கு அதிகம் வலித்தது. "பாதி வரைக்கும் சேமிப்புல இருக்கு. மறுபடி ஓட விடறேன். ஆனா திங்கள் மதியம்தான் முடியும். மாத்திரை காலையில ஒன்பது மணிக்கு" என்றாள்.

தூபுவைக் காப்பாற்றப் போய் மன்பொக்கே அதன் கழுத்தில் கத்தியை வைத்துவிட்டார். பன்றித்தலையை அட்டைப்பெட்டியில் போட்டு, நாய்க்கூடத்தை ஒட்டிய குளிரான தீவன அறையில் வைத்துப் பூட்டவும் மறந்து, வீடு போய்ச் சேர்ந்தார். வீட்டில் மனைவி கொடுத்த சூப்பைத் தொடவில்லை. "சந்தைக்காரிகிட்ட ஏமாந்துட்டீங்களா?" என்று அவள் கேட்டதற்குக்கூடச் சண்டை போடவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு மாலை நாய்களைப் பட்டினி போட்டுக் கொக்கி மாட்டினார். வயிறு காலியாக இருந்தால்தான் மாத்திரை கொடுக்கலாம் என்பது சட்டம்.

திங்கள் காலை கூடத்தைத் திறந்தார். ஆறு கூண்டும் திறந்து கிடந்தன. நடுவில் பன்றியின் தாடை எலும்பு மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. ஆறு நாயும் பானை வயிற்றோடு மல்லாந்து கிடந்தன. மூக்கால் கொக்கியைத் தூக்குவது எப்படி என்று அவர் கண்முன்னாலேயே தூபு எழுந்து இன்னொரு முறை செய்து காட்டியது. வாயில் செருகிய நோட்டையும் விட்டுவைக்கவில்லை.

பாங் தலையில் கை வைத்தார். "திருடனே திறக்க முடியாதுன்னியே!"

"இது திருடன் இல்லீங்களே, சார்."

தின்ற நாய்க்கு மாத்திரை கொடுக்க முடியாது. சட்டப்படி ஒருநாள் தள்ளிவைத்தார்கள். மதியம் யேஜு படிக்கட்டில் தடதடவென்று இறங்கிவந்தாள்.

"கெட்டது ஐயா! ரொம்பக் கெட்டது! ஆயிரத்துல பாதி இதயம் தடுமாறுது!"

கெட்ட செய்திக்கு இத்தனை பேர் கைதட்டி அந்தக் கட்டடம் பார்த்ததில்லை. மாலைக்குள் கம்பெனி மாத்திரையைக் கைவிட்டது. நாய்களை வீடுகளுக்குக் கொடுக்கக் கையெழுத்தானது.

மன்பொக் தன் வீட்டுக்கே அழைத்துவந்த தூபுவை மடியில் வைத்துக்கொண்டு ஊர் முழுக்கச் சொன்னார்: "பெட்டி கெட்டிக்காரப் பெட்டிதான், ஒத்துக்கறேன். ஆனா பூசை யாரு போட்டது?"

அடுத்த கோசாவுக்கு யேஜுவே ஏற்பாடு செய்தாள்: அரிசிமாவில் செய்த பன்றித்தலை, பேட்டரி மெழுகுவத்தி. மன்பொக் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சிரிப்பு போதாதென்று கட்டைவிரலால் வாயை இரு பக்கமும் இழுத்துவிட்டார். இப்போது வீட்டில் மனைவி சாப்பாட்டு அலமாரிக்குப் பூட்டே போடுகிறாள். கொக்கி போட்டுத் தரட்டுமா என்று அவர் கேட்டால் தூபுவைப் பார்த்துச் சிரிக்கிறாள்.