டா இல்லாத டிசம்பர்

சதாசிவம் கனடாவிலிருந்து குளிர்கால விடுமுறைக்கு, மலேசியாவில் பேராக் மாநிலத்துச் செமோருக்கு வந்தது 1979 டிசம்பரில். குளிர்காலம் என்ற ஒன்று செமோரில் கிடையாது. வெயில் உண்டு, மழை உண்டு, இரண்டும் சேர்ந்து வந்து கொடியில் காய்கிற துணியைக் கெடுக்கிற நாள்கள் உண்டு. ஆகவே அவன் அம்மா வீரம்மா, "அங்க ரொம்பக் குளிருதாம், பள்ளிக்கூடத்தையே மூடிட்டாங்களாம்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தாள். கேட்டவர்கள் பையனுக்காக இரக்கப்பட்டார்கள்.

வின்னிபெக் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் அவன் மண்ணைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். சும்மா மண் என்றால்கூடப் பரவாயில்லை, உறைந்த மண். பூமிக்குள் இருக்கிற தண்ணீர் குளிரில் கட்டியாகும்போது மண் எப்படி உப்புகிறது, அது உப்பினால் மேலே போட்ட தார் ரோடு எப்படிப் பிளக்கிறது என்பதுதான் அவன் படிப்பு. பேராக்கில் எந்த ரோட்டுக்கும் இந்தக் கதி வரப்போவதில்லை. படிப்பைத் தேர்ந்தெடுத்தபோது இதை அவனுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் போய்விட்டது.

அங்கே அவனுடைய முழுப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. பேராசிரியர் முதல் கூட்டுகிறவர் வரை எல்லாரும் 'சேட்' என்று சுருக்கிக் கூப்பிட்டார்கள். இங்கிலீஷில் அதற்குத் துக்கம் என்று பொருள். நல்ல மனசோடுதான் கூப்பிட்டார்கள், அவனும் திரும்பிப் பார்த்தான். இரண்டரை வருஷம் இப்படித் துக்கமாகவே நடமாடியவன், ஊருக்குப் போனதும் அனுபவிக்க வேண்டியவை என்று மனசுக்குள் சிலவற்றைச் சேர்த்து வைத்திருந்தான். தூக்கம், தாவூத் பாய் வீசிச் சுடுகிற ரொட்டி சானாய், காலுறை இல்லாத கால். எல்லாவற்றுக்கும் மேலே, "டேய் சதா, எந்திரிடா" என்று சிநேகிதன் பத்துமலை வாசலில் நின்று கத்துவதைக் கேட்க வேண்டும்.

பத்துமலை கல் லாரி ஓட்டுகிறவன். முன்பு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இவன் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு பலகைச் சுவர்தான். இந்தப் பக்கத்துக் குழம்பின் வாசனைக்கு அந்தப் பக்கம் சோறு தின்றார்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பிரம்பால் அடி வாங்கினார்கள். பிறகு தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட, இரண்டு குடும்பமும் செமோரில் ஒரே வரிசை வீடுகளுக்குக் குடிவந்தன. சதாசிவத்தின் அப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். மகன் கனடாவுக்குப் போன பிறகு வீரம்மா வீட்டில் கூரைத் தகரம் ஒழுகினாலும் குழாய் அடைத்தாலும் பத்துமலைதான் வந்து பார்த்தான்.

அவன்தான் ஈப்போ ரயிலடிக்கு லாரியோடு வந்திருந்தான். ஆள் கொஞ்சம் பருத்து, மீசை வைத்திருந்தான். சதாசிவம் கையை விரித்துக்கொண்டு ஓடினான்.

"வாங்க. பிரயாணமெல்லாம் நல்லபடியா இருந்துச்சுங்களா?" என்றான் பத்துமலை.

சதாசிவம் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தான். கூடையில் இரண்டு வாத்தோடு ஒரு சீனக் கிழவி நின்றாள். அவளிடம் பேசவில்லை என்பது தெளிவாகத் தெரிந்தது.

லாரியில் ஏறினால் சரியாகிவிடும் என்று நினைத்தான். "டேய், என்னடா ஆச்சு உனக்கு?"

"ஒன்னும் ஆகலீங்க. கதவ நல்லா அறஞ்சு சாத்துங்க, லாக் சரியில்ல."

மற்றபடி விடுமுறை அமோகமாக நடந்தது. தகரக் கூரை சுட்டு, படுத்திருக்க முடியாத நிலை வரும்வரை தூங்கினான். எழுந்து, கைலியோடு பின்கட்டில் நின்று வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டான். ஈரத்தலையோடு வெளியே நின்றால் முடி விறைத்துக்கொள்ளாத ஒரு நாட்டில் இருக்கிறோம் என்பதே அவனுக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. சாயந்திரம் மழை வரும். மரவள்ளிக்கிழங்கைப் பொரித்துத் தட்டில் வைத்துக்கொண்டு அதைப் பார்ப்பான். தைப்பிங்கிலிருந்து அக்கா முத்தம்மா வந்து, தம்பி கறுத்துவிட்டான் என்று ஒரு நாளும் வெளுத்துவிட்டான் என்று மறுநாளும் சொல்லிவிட்டுப் போனாள். லாரியில் காலி இடம் இருந்தால் பத்துமலையோடு சுண்ணாம்பு மலைக்குப் போய்ப் பாறை உடைப்பதை வேடிக்கை பார்த்துவிட்டு, ஈப்போ பழைய டவுனில் கோப்பி குடித்துவிட்டு வருவான்.

ஒரு நாள் விடியும்முன் அம்மாவோடு பாசாருக்கு மீன் வாங்கப் புறப்பட்டான்.

"பனி எறங்குதுடா, தலையில துண்டக் கட்டு" என்றாள் வீரம்மா.

"அம்மா, நான் இருக்கற ஊர்ல பனி முழங்கால் வரைக்கும் கெடக்கும்."

"அப்ப அங்கயும் கட்டிக்க."

மறுத்துப் பேச அதில் இடமில்லை. துண்டைக் கட்டிக்கொண்டான்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. புறப்படுவதற்கு முன் பேராசிரியர் கூப்பிட்டு, படிப்பு முடிந்ததும் அங்கேயே ரோட்டு இலாகாவில் வேலை இருக்கிறது, சம்மதமா என்று கேட்டிருந்தார். சம்மதம் என்று கைகொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினான். ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. பார்க்கிறவர்களெல்லாம், "முடிச்சிட்டு இங்கதானே?" என்று கேட்டார்கள். "இங்கதான்" என்று எல்லாருக்கும் சொன்னான்.

தாவூத் பாய் கடையில்கூட அதையே சொன்னான். பாய் ரொட்டி மாவை வீசிக்கொண்டே, "நல்லது தம்பி. அந்த ஐசு மண்ணு படிப்புக்கு இங்க வேல இல்லேன்னு சொல்லிட முடியாது. ஈப்போவுல ஐஸ் பேக்டரி இருக்கு. மொதலாளி பசியாற நம்ம கடைக்குத்தான் வாராரு. சொல்லி வைக்கவா?" என்று கேட்டார்.

"சொல்லி வைங்க பாய்" என்றான். ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான்.

இந்தக் கேள்வியைக் கேட்காத ஒரே ஆள் பத்துமலை. அதையும் மரியாதையில் சேர்த்துக்கொண்டு சதாசிவம் நொந்துபோனான். எப்படியாவது அவன் வாயிலிருந்து ஒரு டாவைப் பிடுங்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தான். முதலில் பாய் கடையில் பத்துமலையின் தட்டிலிருந்த ரொட்டியைக் கேட்காமல் எடுத்துத் தின்றான். பழைய காலமாக இருந்தால் கையைப் பிடித்து முறுக்கியிருப்பான். "இன்னொன்னு சொல்லட்டுங்களா?" என்றான் பத்துமலை. கேரம் ஆட்டத்தில், அவன் கண் முன்னாலேயே சிவப்புக் காயை விரலால் தள்ளிக் குழியில் விட்டான். "உங்களுக்குத்தாங்க" என்று சொல்லிப் பத்துமலை பவுடர் போட்டான்.

கடைசியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஈயம் தோண்டி முடித்துவிட்டு அப்படியே போட்டுப் போன குட்டை ஒன்றில் மீன் பிடிக்கப் போனார்கள். பத்துமலை தூண்டிலும் கையுமாகக் குனிந்த நேரம் பார்த்து, சதாசிவம் பின்னாலிருந்து ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டான். சிகரெட், பர்ஸ், கைக்கடிகாரம் எல்லாவற்றோடும் அவன் உள்ளே போனான். அந்தக் காலத்தில் இதற்குக் கிடைக்கக்கூடிய வார்த்தைகளை இங்கே அச்சில் போட முடியாது. சதாசிவம் அவற்றுக்காக ஆவலோடு காத்து நின்றான். பத்துமலை கரையேறி, சட்டையைக் கழற்றிப் பிழிந்தான்.

"பின்னால நின்னீங்களா? நான் கவனிக்கல. மன்னிச்சிருங்க."

சதாசிவத்துக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்குத் திரும்பும் வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். ஒரு சிநேகிதன் செத்துப்போனால்கூட ஊர் வந்து துக்கம் கேட்கும். இவன் பக்கத்தில் உட்கார்ந்து லாரி ஓட்டிக்கொண்டே இல்லாமல் போயிருந்தான். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

விடுமுறை முடிகிற வாரத்தில் பத்துமலை வீட்டில் மத்தியானச் சாப்பாடு. அவன் மனைவி மங்களம் சமைத்திருந்தாள். சதாசிவம் கனடாவில் இருந்தபோது நடந்த கல்யாணம், ஆகவே அவள் இவனை அறிந்ததெல்லாம் காதால் மட்டும்தான். பத்துமலை கொல்லையில் கை கழுவப் போயிருந்தான்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க" என்றாள் மங்களம். "நீங்க இவ்ளோ பெரிய ஆளா இருப்பீங்கன்னு நான் நெனைக்கவே இல்ல லா. இவரு எப்பப் பாத்தாலும் 'அந்தப் பய இருந்தா இப்ப இப்படிச் சொல்வான்', 'அந்தப் பயலுக்கு முள்ளு எடுத்து மீனு திங்கத் தெரியாது'ன்னே பேசிக்கிட்டு இருப்பாரா, யாரோ சின்னப் பையன்னு நெனச்சிட்டேன்."

"யாரு, என்னையா அப்படிச் சொல்றான்?"

"வேற யாரு? வீட்ல உங்களுக்கு அந்தப் பயன்னுதான் பேரு."

சதாசிவத்துக்குச் சோறு இனித்தது. இன்னும் இரண்டு கரண்டி கேட்டு வாங்கினான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்தப் பயல்மீது பொறாமை வந்தது. ஊரில் இல்லாதபோது கிடைக்கிற உரிமை, நேரில் வந்து உட்கார்ந்தால் ஏன் கிடைக்கவில்லை?

புறப்படுவதற்கு முதல் நாள் தைப்பிங் பக்கம் கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலைக் கட்டடத்துக்குக் கல் போயிற்று. சதாசிவமும் கூடவே போனான். கல்லைக் கொட்டிவிட்டுத் திரும்பும்போது தைப்பிங் மழை பிடித்துக்கொண்டது. முன்னால் போகிற வண்டி தெரியவில்லை. பத்துமலை லாரியை ஓரங்கட்டினான்.

"டேய் பத்து, வீட்ல நான் அந்தப் பய. நேர்ல வாங்க போங்க. என்னடா நியாயம் இது?"

பத்துமலை கண்ணாடியில் படிந்த ஆவியை உள்ளங்கையால் துடைத்தான். "மங்களம் சொல்லிருச்சா? அது வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்காது."

"அத விடு. எனக்குப் பதில் சொல்லு."

"வீட்ல நான் சொல்ற பய இங்கனயே இருந்தவன். நீங்க வந்துட்டுப் போறவங்க. வந்துட்டுப் போறவங்கள மரியாதையாத்தானே பேசணும்?"

"நான் வந்துட்டுப் போறவன்னு யாரு சொன்னா?"

"அப்ப முடிச்சிட்டு வந்துருவீங்களா?"

கடைசியில் அவனும் கேட்டுவிட்டான். ஊருக்கெல்லாம் சொன்ன பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் பத்துமலை நம்பமாட்டான். நம்பாமலே "நல்லதுங்க" என்பான். அந்த 'ங்க' இந்த ஜென்மத்தில் போகாது என்று சதாசிவத்துக்குத் தெரிந்துவிட்டது.

"இல்லடா" என்றான். "அங்கயே வேலைக்கு ஒத்துக்கிட்டு வந்துட்டேன்."

கூரைமேல் மழை கொட்டியது. பத்துமலை திரும்பவில்லை. பெட்டியிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்தான், பற்ற வைக்காமலே திரும்ப உள்ளே வைத்தான்.

"அம்மாட்ட சொல்லிட்டியாடா?"

மாதம் முழுக்க ஏங்கியது அவ்வளவு சாதாரணமாக வந்தது. அதைக் கேட்டுச் சந்தோஷப்பட நேரமில்லை. "இல்ல" என்றான்.

"பொறம்போக்கு நாயே. ஒரு மாசமா அது கையால வாங்கித் தின்னுட்டு, ஊரு பூரா வாரேன் வாரேன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறியேடா. ஏரோப்ளேன்ல ஏறிக் கையாட்டிட்டு, அங்க போயி சொல்லிக்கலாம்னு பாத்தியா?"

உண்மையில் அதுதான் திட்டம். சதாசிவம் தலையைக் குனிந்துகொண்டான்.

"எனக்கு அப்பவே தெரியும்டா. ஐசு மண்ணுக்குப் படிச்சவன் செமோர்ல வந்து என்னத்தப் பொளக்கப் போற? போனாப் போ. அத நீ வாயத் தொறந்து சொல்லுவியான்னுதான் பாத்துக்கிட்டே இருந்தேன்." பத்துமலை இருமிக்கொண்டே சாவியைத் திருகினான். "வீட்டுக்குப் போனதும் சொல்லு. நானும் கூட வாரேன்."

மழை விடுவதற்குள்ளேயே கிளம்பினார்கள். செமோர் வரும்வரை பத்துமலை திட்டிக்கொண்டே வந்தான். குட்டையில் நனைந்த கைக்கடிகாரத்துக்கும் சேர்த்துத் திட்டினான். சதாசிவத்துக்கு, குறுக்கே பேசினால் திட்டு நின்றுவிடுமோ என்று பயமாக இருந்தது.

வீரம்மா அடுப்பில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். சதாசிவம் வாசற்படியில் நின்றே சொன்னான். உள்ளே வந்தால் சொல்ல வராது. வேலை கிடைத்திருக்கிறது, அங்கேதான், ஒத்துக்கொண்டாகிவிட்டது, முதலிலேயே சொல்லாதது தப்பு. பத்துமலை அவன் பின்னால் தூணாக நின்றான்.

வீரம்மா மீனைத் திருப்பிப் போட்டாள். "அப்ப இனிமே?"

"வருசா வருசம் லீவுக்கு வாரேன்மா."

"லீவுக்கு" என்றாள். அடுப்பைத் தணித்தாள். இரண்டு தட்டை எடுத்துக் கழுவிச் சோறு போட்டாள்.

"டேய் பத்துமலை, அங்கயே என்னடா நிக்கிற, வந்து உக்காரு."

பத்துமலை வந்து உட்கார்ந்தான். வீரம்மா இன்னொரு முக்காலியை இழுத்து, முந்தானையால் அதைத் துடைத்தாள். பிறகு மகன் பக்கம் திரும்பினாள்.

"நீங்களும் உக்காருங்க" என்றாள். "சாப்புட்டுட்டுப் போங்க."