வேலாயுதம் மாமாவின் எண்ணெய் டப்பா

என் அப்பாவைக் கொன்றது தன் தம்பியின் கண்டுபிடிப்புதான் என்று அம்மா பன்னிரண்டு வருடம் சொன்னாள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. அதை அவள் முகத்துக்கு நேரே சொல்லும் தைரியமும் இருந்ததில்லை.

வேலாயுதம் மாமா பிரிக்பீல்ட்ஸில் ஒரு மர ஆலையில் நீராவி எஞ்சின் ஓட்டினார். எஞ்சினின் வேகத்தைக் கட்டுப்படுத்த அதன் மேல் இரண்டு இரும்புக் குண்டுகள் சுழலும். வேகம் கூடினால் அவை எழும்பி நீராவியைக் குறைக்கும்; வேகம் குறைந்தால் தாழ்ந்து நீராவியைத் திறந்துவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மாமாவின் எஞ்சினிலோ குண்டுகள் ஓரிடத்தில் நிற்காமல் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தன. எஞ்சின் உறுமும், சோரும், மறுபடி உறுமும். துரைமார்கள் வந்து பார்த்துக் கைகழுவிவிட்டார்கள்.

மாமா விடவில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர், இரண்டு வருடம் அந்தக் குண்டுகளையே கட்டிக்கொண்டு அழுதார். கடைசியில் குண்டுகளின் கம்பியில் ஒரு தகட்டை மாட்டி, அது எண்ணெய் டப்பாவுக்குள் ஏறி இறங்கும்படி செய்தார். எண்ணெய் தகட்டை இழுத்துப் பிடித்ததால் ஆட்டம் குறைந்தது. பிறகு எந்த எண்ணெய் என்ற ஆராய்ச்சி. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு புளியங்கொட்டை எடுத்து வைத்து எண்ணி, நோட்டில் எழுதினார். தேங்காய் எண்ணெய், அடங்கவில்லை. நல்லெண்ணெய், அடங்கவில்லை. விளக்கெண்ணெய், மூன்றே ஆட்டம்.

“வீட்டுல எத்தன பேருக்கு வயித்தக் கழுவுறீங்கண்ணே?” என்று கடைக்காரர் கேட்டாராம்.

ஆலைத் துரை அந்த நோட்டை வாங்கிப் போய், எஞ்சினியர்கள் படிக்கும் ஓர் ஆங்கில இதழில் கட்டுரை எழுதினார். மாமாவின் பெயர் அதில் இல்லை. ஆனால் கட்டுரையைப் பார்த்துப் பதினோரு ஆலைகள் டப்பா மாட்டின. மாமாவுக்கு அதுவே தலைகால் புரியாத சந்தோஷம். தனக்குப் படிக்கத் தெரியாத அந்த ஆங்கிலத் தாளை முருகன் படத்தின் பக்கத்தில் வைத்துத் திருநீறு பூசினார்.

பதினொன்றில் ஒன்று கிள்ளானில் இருந்த ரப்பர் ஆலை. அங்கே எஞ்சின் ஓட்டியவர் என் அப்பா கன்னையா. மாமாவே வந்து டப்பாவில் விளக்கெண்ணெய் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

1924-ல் ஆயுத பூஜை. அப்பா எஞ்சினை நிறுத்தி, தேய்த்துத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தார். டப்பாவில் எண்ணெய் கறுத்துக் கிடந்தது.

“சாமி காரியத்துல பேதி எண்ணெயா?” என்று சொல்லிக்கொண்டே அதைக் கொட்டிவிட்டு, வீட்டிலிருந்து புதுப் புட்டி நல்லெண்ணெய் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். எனக்கு ஏழு வயது.

மறுநாள் காலை எஞ்சினைக் கிளப்பியதும் குண்டுகள் ஆடத் தொடங்கின. ஆட்டம் ஏறி, குண்டுகளைச் சுழற்றும் வார் அறுந்தது. குண்டுகள் தாழ்ந்தன, நீராவி முழுக்கத் திறந்துகொண்டது. அப்பா அதை மூடத்தான் ஓடினார். அதற்குள் வேகம் தாங்காமல் எஞ்சினின் பெரிய சக்கரம் வெடித்துச் சிதறியது. அவர் முகத்தை எங்களுக்குக் காட்டவில்லை.

‘ஓட்டுநரின் கவனக்குறைவு’ என்று விசாரணையில் எழுதி முடித்தார்கள்.

மாமா தாளை எடுத்துக்கொண்டு தன் ஆலையில் கணக்கெழுதும் கிராணி ஸ்டானிஸ்லாஸிடம் ஓடினார்.

“நல்லெண்ணெய் ஆகாதுன்னு போட்டிருக்கும், பாருங்க சார்.”

ஸ்டானிஸ்லாஸ் இரண்டு முறை படித்தார். “எண்ணெய்னு மட்டுந்தான் இருக்கு. என்ன எண்ணெய்னு இல்ல. உன் நோட்டுல இருந்த அந்தக் கணக்கே இதுல இல்ல வேலாயுதம்.”

துரையிடம் கேட்டதற்கு, அது சில்லறை விஷயம் என்றார்.

மாமா எங்கள் வாசலில் வந்து நின்றார். “எல்லாம் தாள்ல இருக்குன்னு நெனச்சுட்டேங்க்கா. மாத்தாதீங்கன்னு வாய்விட்டு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்.”

அம்மா கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகு அவரோடு ஒரு சொல் பேசவில்லை.

கிள்ளான் ஆலை புது எஞ்சின் வாங்கி, அதே டப்பாவை மாட்டியது. மாமா வருடந்தோறும் ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் லீவு போட்டு, எண்ணெய் டின்னும் சாயப் புட்டியுமாகப் பதினோரு ஆலைக்கும் போனார். டப்பாவை நிரப்பி, ‘விளக்கெண்ணெய் மட்டும். பூஜைக்கும் மாற்றாதே’ என்று அதன்மேல் எழுதினார். விளக்கெண்ணெய்க்காரன் என்று சிரித்தார்கள். அவருக்குப் பின்னால் நானும் சிரித்திருக்கிறேன், அது இன்றும் உறுத்துகிறது. மற்ற ஆலைகளில் ஒரு சக்கரமும் வெடிக்கவில்லை. வெடிக்காததை யார் பத்திரிகையில் எழுதப்போகிறார்கள்?

1936-ல் காய்ச்சலில் மாமா போய்விட்டார். அம்மா சாவுக்குப் போனாள், அழவில்லை. ஆயுத பூஜைக்கு நான்கு நாள் இருக்கும்போது கடையிலிருந்து ஒரு புட்டி விளக்கெண்ணெயோடு வந்து, “கெளம்பு” என்றாள்.

அப்பா செத்த ஆலைக்குள் அன்றுதான் அவள் மறுபடி காலெடுத்து வைத்தாள். எஞ்சின் ஓட்டுபவர் புதியவர், எங்களைத் தெரியாது. புட்டியைப் பார்த்ததும், “எண்ணெய்க்காரர் வரலியாம்மா? நீங்க யாரு?” என்று கேட்டார்.

கன்னையாவின் பெண்டாட்டி என்று சொல்வாள் என்றுதான் நினைத்தேன்.

“நான் அவனோட அக்கா” என்று சொல்லிவிட்டு, அம்மா டப்பாவின் மூடியைத் திறந்தாள்.